ஸ்பிரிங் குறைத்தால் மட்டும் போதுமா?

மாலையில் நடக்கப் போனால், தரையோடு தரையாக ஊர்ந்து போகும் கார் ஒன்றாவது கண்ணில் படாமல் இருப்பதில்லை. எல்லாம் சாதாரண வண்டிகள்தான். ஸ்விஃப்ட், போலோ, பழைய ஹோண்டா சிட்டி. டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே நாலு விரல் நுழைந்த இடத்தில் இப்போது ஒரு விரல் நுழையாது. ஸ்பீட் பிரேக்கர் வந்தால் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குகிறார்கள். என் நடைக் கூட்டாளிகள் உடனே ஆரம்பித்து விடுவார்கள். "கொழுப்பு", "அப்பன் காசு", "இதுங்களை எல்லாம் உள்ளே தூக்கிப் போடணும்."

நான் அந்தப் பேச்சில் சேர்வதில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவன். என்னைக் கேட்டால், காரைத் தாழ்த்துவது பாவமும் இல்லை, கெட்டிக்காரத்தனமும் இல்லை. அது ஒரு வேலை. ஸ்பிரிங் மாற்றியதும் அந்த வேலையில் பாதிதான் முடிகிறது. மீதிப் பாதி வீல் அலைன்மென்ட். அதைச் செய்யாமல் வண்டியை ரோட்டில் விடுவதுதான் ஆபத்து. திட்டுகிற நாமும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, தாழ்த்துகிற பையன்களும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிள் ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, குனிந்துகொண்டு மிதித்த தலைமுறை நாம்தான். அப்பா என்ன திட்டினார் என்று நினைவு இருக்கும். சோழவரத்தில் பழைய யுத்த கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், பத்திரிகையில் வரும் தாழ்வான ரேஸ் கார் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டியவர்களும் நம்மில் உண்டு. கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கரிவரதன் பேரும் ஃபார்முலா மாருதி காரும் புதிதல்ல. செட்டிபாளையத்து டிராக்குக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆசை பழசுதான். கையில் கிடைக்கிற சாமான்தான் மாறியிருக்கிறது.

ரேஸ் கார் ஏன் தாழ்வாக இருக்கிறது? வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி வளைவில் சாயும், அதே எடையுள்ள இரும்பு ஏற்றிய வண்டி அவ்வளவு சாயாது. எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இது உண்மை. ஆனால் ரேஸ் காரை வரையும்போதே அந்த உயரத்துக்கு வரைகிறார்கள். அதன் கம்பிகள், ஆர்ம்கள் எல்லாம் அந்த உயரத்தில் சரியாக நிற்கும். நம் வீட்டுக் காரை வேறு உயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை மட்டும் குறைத்தால் பாடி கீழே வரும், மற்ற பாகங்கள் பழைய கணக்கிலேயே இருக்கும்.

அந்தக் கணக்கு என்ன என்று பார்ப்போம். சக்கரம் நிற்கும் நிலையில் மூன்று கோணங்கள் முக்கியம். நீங்கள் எழுந்து நின்று குனிந்து பாதங்களைப் பாருங்கள். கட்டை விரல்கள் இரண்டும் உள்ளே பார்த்தால் டோ-இன், வெளியே பார்த்தால் டோ-அவுட். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலைப்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் நெகடிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிடிவ் கேம்பர். மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சரிவாக இருக்கிறதே, அதே சரிவு காரின் முன் சக்கரத்துக்கும் உண்டு. ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான்.

இன்று நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். ஃபோர்டு கம்பெனி எஞ்சினியர் ஏர்ல் மக்ஃபெர்சன் பேரில் வழங்கும் அமைப்பு இது. 1950இல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சலில் இருந்தது. நம் தெருக்களுக்கு 1983இல் மாருதி 800 கொண்டு வந்தது. அதுவரை நாங்கள் பையன்களுக்கு அம்பாசடரின் டார்ஷன் பார் காட்டிப் பாடம் எடுத்தவர்கள். ஸ்ட்ரட் அமைப்பு எளிமையானது. மேலே பாடியில் ஒரு மவுண்டிங், நடுவில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக, கீழே ஒரு லோயர் ஆர்ம். ஸ்டீயரிங் ராக்கிலிருந்து ஒரு டை ராட் வந்து சக்கரத்தைத் திருப்பும்.

லோயர் ஆர்மும் டை ராடும் ஒரே நீளம் இல்லை, ஒரே இடத்தில் கட்டப்பட்டதும் இல்லை. வெவ்வேறு நீளச் சங்கிலியில் தொங்கும் இரண்டு ஊஞ்சல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி ஆட்டினால் என்ன ஆகும்? நடுவில் கொஞ்ச தூரம் ஒத்துப் போகும், ஓரத்துக்குப் போகப் போக ஒன்றை ஒன்று இழுக்கும். காரைத் தாழ்த்தும்போது இரண்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுகிறோம். டை ராட் சக்கரத்தை இழுக்கிறது, டோ மாறுகிறது. வண்டியின் அமைப்பைப் பொறுத்து சிலவற்றில் உள்ளே போகும், சிலவற்றில் வெளியே போகும். இதோடு நிற்காது. ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் டோ முன்பைவிட அதிகமாக மாறும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி மேட்டில் ஒரு பக்கம் விலகுவது இதனால்தான்.

கேம்பரும் மாறும். கொஞ்சம் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். எல்லோர் கண்ணுக்கும் இதுதான் தெரியும், அதனால் டயர் தேய்ந்தால் பழி கேம்பர் மேல் விழும். என் அனுபவத்தில் ஒரு டிகிரி கேம்பர் டயரை மெதுவாகத்தான் தின்னும். ஆளைக் கொல்வது டோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் அரை டிகிரி கோணலாக நின்றால், டயரின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் வித்தியாசம் 5 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே உருளுகிறது. கோவையிலிருந்து பழனி 100 கிலோமீட்டர் என்று வையுங்கள். போய்ச் சேர்வதற்குள் டயரை முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் வைத்து அரைத்திருக்கிறோம். அம்மியில் மஞ்சள் வைத்து அரைத்தால் மிஞ்சுமா?

இன்னொரு விஷயம் பையன்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வளைவில் பாடி சாய்வது ஒரு புள்ளியை மையமாக வைத்து. அதை ரோல் சென்டர் என்போம். ஸ்ட்ரட் வண்டியில் பாடி ஒரு அங்குலம் இறங்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடும், சாய்க்கும் நெம்புகோல் நீளும். அதனால் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாமல் வெறுமனே தாழ்த்தினால் வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகவே சாயும். ரேஸ் கார் மாதிரி பிடிமானம் வரும் என்று செய்தது தலைகீழாகப் போகும்.

இனி ஸ்பிரிங்கை அறுப்பது. ஒரு சுற்றை கிரைண்டரால் வெட்டி எடுத்தால் செலவே இல்லாமல் வண்டி இறங்கிவிடும் என்று செய்பவர்கள் உண்டு. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அது கூடப் பரவாயில்லை. ஸ்பிரிங்கின் நுனியை அதன் சீட்டில் பொருந்தும்படி வளைத்துச் செய்திருப்பார்கள். வெட்டிய நுனி சீட்டில் பொருந்தாது. வண்டி மேட்டில் ஏறிச் சக்கரம் தொங்கும் நேரத்தில் நீளம் போதாமல் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறி உட்காரலாம். கேஸ் வெல்டிங் டார்ச்சால் சுட்டு இறக்குவது இதைவிடக் கொடுமை. சூடு பட்ட ஸ்பிரிங்கில் டெம்பர் போய்விடும், பிறகு அது வெறும் கம்பி. இந்த இரண்டையும் செய்கிற கடை எந்த ஊரில் இருந்தாலும் வண்டியை அங்கே விடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

போன வருஷம் என் அக்கா மகன் தன் பையனுக்காகப் பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கினான். முந்தைய சொந்தக்காரர் தாழ்த்தி வைத்திருந்த வண்டி. நாலு மாதத்தில் இரண்டு முன் டயரும் உள் ஓரத்தில் கம்பி தெரிய வந்து நின்றது. அக்காவையும் ஏற்றிக்கொண்டு பழனி போவதாகத் திட்டம். அதற்கு முன் என்னிடம் வந்தான். "மாமா, நீங்க சொன்னா கேப்பான். உசரம் பண்ணச் சொல்லுங்க." பையன் பின்னாலேயே வந்தான். "தாத்தா, அலைன்மென்ட் பண்ணியாச்சு. பில் இருக்கு, பாருங்க."

பில் இருந்தது. எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பணம் வாங்கியதற்கான பில்தான் அது, அளவெடுத்த தாள் இல்லை. வேறு இடத்தில் மெஷினில் ஏற்றிப் பார்த்தோம். இடது முன் சக்கரம் நெகடிவ் 2 டிகிரி, வலது நெகடிவ் 1. இரண்டும் சேர்ந்து 1 டிகிரி டோ-அவுட். கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் இரண்டும் அறுத்தவை, வெட்டிய நீளம் கூட இரண்டிலும் ஒன்றாக இல்லை. ஈரமான ரோட்டில் சட்டென்று பிரேக் பிடித்திருந்தால் அந்த டயர் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று பையனிடம் சொன்னேன். அவன் முகம் மாறியது. அவன் கெட்ட பையன் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்தால் எவ்வளவு செலவு என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கணக்கு எழுதிக் காட்டினேன். நான் எழுதிய வரிசை இதுதான். யாருக்கும் பயன்படும்.

வேலை தொடங்கும் முன்பே வண்டியை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி அளவைத் தாளில் வாங்கிக்கொள்ள வேண்டும். முன் அளவு இல்லாமல் பின் அளவுக்கு அர்த்தம் இல்லை. பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், புஷ் இவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். ஆடுகிற பல்லுக்குத் தங்கக் கவசம் போட்டுப் பயன் இல்லை.

தாழ்த்துவது ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், மிஞ்சினால் 30. அதற்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். இதை நல்ல மெக்கானிக்குகள் கூட அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு சில நாள் நிதானமாக ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பின் அலைன்மென்ட். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் மூட்டை இருக்கக் கூடாது. முதலில் கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. பல சின்னக் கார்களில் கேம்பருக்கு அட்ஜஸ்ட்மெண்டே கிடையாது. ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றுக்குப் பதிலாக, நடுவில் முட்டை வடிவமுள்ள கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரி வரைக்கும் திருத்தலாம். ஓட்டையை ரம்பத்தால் பெரிசாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பின்பக்கம் ஒரே பீமாக இருக்கும் வண்டியில் திருத்த இடமில்லை, ஹப்புக்குப் பின்னால் ஷிம் வைப்பது ஒன்றுதான் வழி.

எது போதுமான அலைன்மென்ட்? டோ கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருந்தே ஆக வேண்டும், அதில் சலுகை கிடையாது. கேம்பர் கம்பெனி அளவைவிட அரை டிகிரி, ஒரு டிகிரி கூடினாலும், இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சமாளிக்கலாம், டயரை அவ்வப்போது மாற்றிப் போட்டால் போதும். இரண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி இழுக்கும். மெஷின் திரையில் எல்லாம் பச்சையாக வந்துவிட்டது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். அந்த மெஷினில் உங்கள் வண்டியின் மாடலைத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்று கேளுங்கள்.

இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பாருங்கள், உள்ளிருந்து வெளியே ஒரு தரம், வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் மாதிரியும் உறுத்தினால் டோ சரியில்லை. இதற்கு மெஷின் வேண்டாம், கண்ணாடி கூட வேண்டாம்.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வட்டமான மேடு. அப்படிக் கட்டியிருந்தால் ஸ்விஃப்ட் நீள வண்டி மேலே நிற்கும்போது அடிவயிற்றுக்குக் கீழே மேடு நாலரை சென்டிமீட்டர்தான் எழும்பும். தாழ்த்திய வண்டி கூடத் தட்டாது. ஆனால் நம் தெருவில் இருப்பது ஒரு முழம் அகலத்துக்குக் கொட்டி வைத்த தார்க் கட்டி. அதன் உயரம் முழுசும் வயிற்றுக்கு நேராக வரும். 2018இல் வந்த ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். 40 குறைத்தால் 123. நாலு பேர் ஏறி, டிக்கியில் பெட்டி வைத்தால் இன்னும் சில சென்டிமீட்டர் இறங்கும். மிச்சம் என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள். ஒரு அங்குலத்தோடு நிறுத்து என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம்.

சில கார்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைப் பாரத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பாடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது பாரத்தை அறிகிறது. பின்பக்கம் தாழ்த்தினால், காலி வண்டியையும் பாரம் ஏற்றிய வண்டி என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டும். பின் சக்கரம் முதலில் லாக் ஆகும், வண்டி சுழலும். முன்னும் பின்னும் ஒரே அளவில் இறங்காவிட்டால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணிலோ, பத்தடிக்கு முன் தரையிலோ விழும். இவையும் பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தவை.

சட்டத்தை மறைத்துப் பேசக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று வந்தது. ஸ்பிரிங் இதில் எந்தப் பக்கம் சேரும் என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு கேட்கப் போனால் பதில் வேறு மாதிரி வரும்.

அக்கா பேரன் அப்படியே செய்தான். கேட்க வேண்டிய இடங்களில் முதலில் கேட்டான். அறுத்த ஸ்பிரிங்குகளை எடைக்குப் போட்டான். 25 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர், கேம்பர் போல்ட், இரண்டு டயர். பாதிப் பணம் அவனுடைய சம்பளத்திலிருந்து போனது. இப்போது கேம்பர் இடது நெகடிவ் 1.1, வலது 0.9. டோ எல்லைக்குள் நிற்கிறது. அவன் அப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான், முழு உயரத்துக்கு ஏற்றவில்லையே என்று. பையனுக்கும் வருத்தம், இன்னும் ஒரு அங்குலம் இறக்க விடவில்லையே என்று. இருவருக்கும் வருத்தம் என்றால் பஞ்சாயத்து சரியாகத்தான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அக்கா பழனி போய் வந்தாள். இடுப்பு கொஞ்சம் வலித்ததாம், ஆனால் வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது என்றாள்.

உங்கள் வீட்டிலும் பேரனோ மருமகனோ வண்டியைத் தாழ்த்தப் போகிறேன் என்று நின்றால், எடுத்த எடுப்பில் கத்தாதீர்கள். கத்தினால் உங்களுக்குத் தெரியாமல், மலிவான கடையில், கிரைண்டரால் அறுத்துவிட்டு வருவான். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எத்தனை மில்லிமீட்டர்? ஸ்பிரிங் புதுசா, அறுத்ததா? அலைன்மென்ட் தாள் முன்னும் பின்னும் எங்கே? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவன் வேலையை அவன் அறிந்தவன். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த வண்டியில் நீங்கள் ஏறாதீர்கள், வீட்டில் யாரையும் ஏற்றி அனுப்பாதீர்கள்.